தோபர் சாகவில்லை, மகன்

இல்லை மகன். நான் அழிக்க மாட்டேன்.

போன கிழமை பெண் வீட்டில் நாள் குறித்துவிட்டு வவுணதீவுப் பாலத்தால் திரும்பி வரும்போது ஓட்டோவுக்குள் வைத்துக் கேட்டாய். ஓட்டுகிறவருக்குக் கேட்கக்கூடாது என்று குரலைத் தாழ்த்தத்தான் பார்த்தாய். ஆனால் அந்த ஓட்டோவின் இரைச்சலுக்கு மேலால் பேச வேண்டியிருந்ததால் பாலத்தில் தூண்டில் போட்டுக்கொண்டு நின்றவர்களுக்கும் கேட்டிருக்கும். "அம்மா, கலியாணம் முடியுமட்டும் உங்கட அந்த நெட் பக்கத்த மூடி வையுங்க. ஏலாட்டி அந்த வீடியோவ மட்டுமெண்டாலும் அழிச்சி விடுங்க. அவங்கட மாமா சிரிச்சதப் பாத்தீங்கதானே? எனக்கு மானம் போகுது." உன் அப்பா ஆற்றைப் பார்த்துக்கொண்டு வந்தார். நானும் பதில் சொல்லவில்லை. நான் பேசாமல் இருந்தால் சம்மதித்துவிட்டேன் என்று நினைப்பது உனக்குச் சின்ன வயதிலிருந்தே உள்ள பழக்கம். ஆகவே எழுதுகிறேன். உன் போனுக்குத் தனியாக அனுப்பியிருக்கலாம். ஆனால் நீ மூடச் சொன்னது இந்தப் பக்கத்தை. பதிலும் இந்தப் பக்கத்தில்தான் வரவேண்டும். கலியாணத்துக்கு வரப்போகிறவர்களும் வாசிக்கட்டும், உன் மாமனார் வீட்டாரும் வாசிக்கட்டும்.

இந்தப் பக்கத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், நீ கண்ணை உருட்டாதே. "ஆழத்து வீடு" என்று ஒரு தொடர். எந்த நாட்டுக்காரர் எடுத்தார்களோ, நாங்கள் பார்த்தது தமிழ் டப்பிங். கடலின் அடியில் ஒரு நிலையம், அதற்குள் ஆறு பேர், மேலே உள்ளவர்கள் அவர்களை மறந்துவிட்டார்கள். அவ்வளவுதான் கதை. கப்டன் லியாரா என்று ஒருத்தி, "ஆபத்து நெருங்குகிறது, அனைவரும் தயாராகுங்கள்" என்று செய்தி வாசிக்கிற குரலில் சொல்லுவாள். தோபர் என்று ஒருவன், நிலையத்தில் உடைகிறதையெல்லாம் திருத்துகிறவன். வெளியே எது கழன்றாலும் அந்தப் பெரிய உடுப்பை மாட்டிக்கொண்டு அவன்தான் இறங்குவான். குழாய் ஒழுகினால் அதோடு பேசுவான், திட்டுவான், பிறகு தடவிக் கொடுப்பான். செட்டிபாளையத்தில் இருந்த எங்கள் வீட்டில் அவனை ஒரு சொந்தக்காரனைப்போலத்தான் பார்த்தோம். உன் அப்பா அப்போது டோஹாவில் வேலை. போன் எடுத்தால் முதலில் உன்னைக் கேட்பார், பிறகு என்னைக் கேட்பார், பிறகு சிரித்துக்கொண்டு, "கடலுக்கடியில இரிக்கிற ஒன்ட மற்றக் குடும்பம் எப்பிடி?" என்பார். இருபத்திரண்டு வயது எனக்கு. உனக்கு நாலு. கலியாணம் கட்டிப் பிள்ளையும் பெற்றவள் சனிக்கிழமை பின்னேரம் ஆனால் அடுப்பை அணைத்துவிட்டு டிவிக்கு முன்னால் குந்துகிறாளே என்று ஊர் சிரித்தது. சிரிப்பு எனக்குப் புதிது இல்லை மகன். உனக்குத்தான் புதிது.

உன் மாமா ரூபனைப் பற்றி உனக்கு நான் அதிகம் சொன்னதில்லை. சொல்ல வெளிக்கிட்டால் நான் எழும்பி அடுப்படிக்குப் போய்விடுவேன், நீயும் கேட்காமல் விட்டுவிடுவாய். இப்போது எழுத உட்கார்ந்துவிட்டேன், எழும்ப மாட்டேன். என் தம்பி, என்னிலும் மூன்று வயது இளையவன். எங்கள் வீட்டு டிவிக்குப் படம் வரவேண்டுமானால் கூரையில் ஒரு ஆள் நிற்கவேண்டும். கடல் காற்றுக்கு அன்டனா திரும்பிவிடும், கம்பியால் கட்டினாலும் ஆடும். ஆகவே "ஆழத்து வீடு" தொடங்கினால் ரூபன் மேலே, நானும் நீயும் கீழே.

"அக்கா, தெரியிதா?"

"பூச்சி பறக்குதுடா. ஆத்துப் பக்கம் திருப்பு."

"இப்ப?"

"இப்ப கப்டனுக்கு ரெண்டு தலை."

"ரெண்டு தலையும் என்ன சொல்லுது?"

அப்படித்தான் நாங்கள் பார்த்தோம். நான் படத்தைப் பார்த்து மேலே கத்துவேன். அவன் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு அன்டனாவைப் பிடித்திருப்பான். அரைவாசித் தொடரை அவன் கண்ணால் பார்க்கவே இல்லை. ஆனால் எனக்குக் கேட்காததெல்லாம் அவனுக்குக் கேட்கும். தோபர் சுவாசிக்கிற சத்தத்தை வைத்தே காற்று எவ்வளவு மிச்சம் என்று சொல்லுவான். நீ கலியாணம் கட்டப்போகிறாய், ஆகவே இந்த இடத்தில் ஒரு புத்தி சொல்லிவிட்டுப் போகிறேன். வீட்டில் ஒருவர் கூரையில் நிற்கும் காலம் வரும். வேலை இல்லாத காலம், வருத்தம் வந்த காலம், பிள்ளை பிறந்த காலம். அப்போது கீழே இருக்கிறவர் படத்தை மட்டும் பார்த்துக்கொண்டு இருக்கக்கூடாது. மேலே நிற்கிறவருக்குக் கத்திச் சொல்லவேண்டும். மேலே நிற்கிறவர் தனக்குக் கேட்டதைச் சொன்னால் "நான் பாத்துக்கிட்டுத்தானே இரிக்கன், அப்பிடி ஒண்டும் இல்ல" என்று வெட்டிப் பேசக்கூடாது. நான் அப்படித்தான் வெட்டிப் பேசினேன், கடைசிச் சனிக்கிழமை.

அன்றைக்கு நத்தார், கிறிஸ்மஸ் நாள். அந்த எபிசோடில் நிலையத்துக்குள் தண்ணீர் வரத் தொடங்கிவிட்டது. தோபர் வெளியே நின்று ஓட்டையை அடைக்கிறான். மற்ற ஐந்து பேரையும் காப்பாற்றவேண்டுமானால் கதவைப் பூட்டவேண்டும். கப்டன் லியாரா கதவைப் பூட்டினாள். கண்ணாடிக்கு அங்கால் தோபரின் விளக்கு சின்னதாகி, சின்னதாகி, அணைந்துவிட்டது. "அடுத்த வாரம்" என்று போட்டார்கள். நான் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். ரூபன் கூரையிலிருந்து குதித்து இறங்கி வந்தான்.

"அவ்வளவுதான்டா. செத்திட்டான்," என்றேன்.

"ஆரு சொன்ன? தட்டின சத்தம் கேக்கல்லியா?"

"என்ன சத்தம்?"

"கதவு பூட்டினாப் பிறகு, பாட்டுக்குப் பின்னால. டொக், டொக் எண்டு. அவன் உசிரோட இரிக்கான் அக்கா. அவன் வருவான்."

"விளக்கு அணைஞ்சத நான் பாத்தன்."

"நீ பாத்த. நான் கேட்டன்."

பொழுதுபட்ட பிறகு அவன் உன்னையும் தூக்கிக்கொண்டு என்னை ஆற்றங்கரைக்கு இழுத்துப் போனான். மறுநாள் பூரணை, நிலவு பெரிதாக இருந்தது. தோணியில் ஏற்றி, துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு, அதன் கைப்பிடியில் உன் காதை வைத்தான். நிலவு நாளில் எங்கள் ஆற்று மீன் பாடும் என்பார்கள், அது கேட்கிறதா என்று கேட்டான். உனக்கு என்ன கேட்டதோ, சிரித்தாய். "இப்பிடித்தான் அக்கா," என்றான். "விளக்கு அணைஞ்சா என்ன? தண்ணிக்குள்ள இருட்டுல கண்ணு என்னத்துக்கு? அவன் இந்தச் சத்தத்தப் புடிச்சிக்கிட்டு நடந்து வருவான். கடலடியால நடந்து, முகத்துவாரத்தால ஏறி, நம்மட ஆத்துக்குள்ள வந்து எழும்புவான். பாரு." நான் விழுந்து விழுந்து சிரித்தேன். வெளிநாட்டுத் தொடரில் நாங்கள் ஆறு என்கிற இந்த மட்டக்களப்பு வாவி வரும் என்று நினைக்கிற ஒரே ஒரு ஆள் நீதான்டா என்றேன். பந்தயம் பிடித்தோம். தோபர் செத்தால் அவன் எப்போதும்போலக் கூரையில். தோபர் வந்தால் இனிமேல் அன்டனாவுக்கு நான் ஏறவேண்டும், அவன் கீழே இருந்து பார்ப்பான்.

காலையில் கரைவலை இழுக்கக் கடற்கரைக்குப் போனான். தேத்தண்ணியை நின்றபடி குடித்துவிட்டு, "பந்தயத்த மறந்திராத" என்றான்.

கடல் வந்ததை நான் எழுதப்போவதில்லை. இந்தக் கரையில் அதை ஒருவருக்கும் எழுதிக் காட்டத் தேவையில்லை. உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆற்றுப் பக்கமாக ஓடினேன். கோயில் மண்டபத்துக் கூரையில் யாரோ எங்களை ஏற்றிவிட்டார்கள். உன் வாய் நிறைய மண். வீடு போனது, டிவி போனது. ரூபனை நாங்கள் கண்டெடுக்கவில்லை.

முகாமாக இருந்த பள்ளிக்கூடத்தில் உன்னைக் குளிக்கவைக்க முடியவில்லை. கிணற்றிலிருந்து வாளியைத் தூக்கினாலே கத்துவாய். தலையில் ஒரு கோப்பை தண்ணீர் ஊற்றினால் மூச்சை அடக்கிக்கொண்டு நீலமாகிவிடுவாய். மற்றப் பிள்ளைகளும் அப்படித்தான். ஒருநாள் வேறு வழி தெரியாமல், "தோபர் எப்பிடி மூச்சு விட்டவன் தெரியுமா மனே?" என்று கேட்டேன். நீ கத்துவதை நிறுத்தினாய். நான் ஒரு கோப்பை ஊற்றினேன். "கதவு பூட்டினாப் பிறகு அவன் என்ன செஞ்சவன் தெரியுமா?" இன்னொரு கோப்பை. அவன் தட்டினான். ஒருவரும் திறக்கவில்லை. அவன் கோபிக்கவில்லை, திறந்தால் மற்றவர்கள் சாவார்கள் என்று அவனுக்குத் தெரியும். திரும்பி நடந்தான். விளக்கு இல்லை. மீன் பாடுகிற சத்தம் கேட்டது. ஒரு வாளி முடிந்தது. அடுத்தநாள் கிணற்றடியில் உனக்குப் பின்னால் ஏழெட்டுப் பிள்ளைகள் நின்றார்கள், "நேத்து விட்ட இடத்துல இருந்து சொல்லுங்க மாமி" என்று. அவன் முகத்துவாரத்தால் ஏறி ஆற்றுக்குள் வந்து, வீச்சு வலையில் சிக்கி, வலைகாரர் பயந்து விழுந்து, அவனைத் தோணியில் தூக்கிப்போட்டு, சோறும் இறால் கறியும் கொடுத்து, "இன்னும் கொஞ்சம் போடுங்க" என்று அவன் கேட்டதுவரை ஒவ்வொரு வாளியாகச் சொன்னேன்.

அந்தக் கிழமையிலிருந்து தொலைக்காட்சிக்காரர் "ஆழத்து வீடு" போடுவதை நிறுத்திவிட்டார்கள். கடலுக்குள் நடக்கிற கதையைச் சனம் இப்போது எப்படிப் பார்க்கும் என்று நினைத்திருப்பார்கள். நல்ல மனதோடுதான் நிறுத்தியிருப்பார்கள். ஆனால் எங்களை ஒருவரும் கேட்கவில்லை. முகாமிலும் ஒரு அக்கா என்னோடு சண்டைக்கு வந்தார்.

"ஏன்கா, ஒனக்குக் கிறுக்கா? கடல் எல்லாத்தையும் அள்ளிக்கிட்டுப் போய்க் கிடக்கு. நீ கடலுக்குள்ள குடித்தனம் நடத்துறவங்கட கதையப் புள்ளயளுக்குச் சொல்லிக்கிட்டு இரிக்காய்?"

"அவங்க அதுக்குள்ள உசிரோட இரிக்காங்க அக்கா. அதான் சொல்றன்."

அவர் தன் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் தன் மகளைக் கொண்டுவந்து வரிசையில் விட்டார்.

பிறகு எங்களுக்குத் தற்காலிக வீடு தந்தார்கள். அப்பா டோஹாவிலிருந்து அனுப்பிய காசில் ஒரு பழைய டிவி வாங்கினேன். அன்டனா கட்டக் கூரையில் ஏறினேன். சட்டைக்கு மேலால் துவாயைச் சுற்றிக்கொண்டு, கம்பியைப் பல்லில் கடித்துக்கொண்டு. கீழே நின்று பெண்கள் கூப்பிட்டார்கள், "இறங்குகா, ஆம்புள ஆரையும் கூப்பிடலாம், பாக்கிறவன் என்ன நினைப்பான்!" நான் இறங்கவில்லை. நான் பந்தயத்தில் தோற்றவள் மகன். தோற்றவள்தான் ஏறவேண்டும். நான் ஏறியிருக்கிறேன் என்றால் என்ன பொருள்? அவன் வந்துவிட்டான் என்று பொருள். அன்றைக்கு நீ கீழே நின்று "தெரியிது அம்மா" என்று கத்தினாய். உனக்கு ஞாபகம் இருக்காது.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் சண்டை வந்து படுவான்கரைச் சனம் இடம்பெயர்ந்து இந்தப் பக்கத்து முகாம்களுக்கு வந்தபோது, எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு அவர்களுடைய பிள்ளைகளும் விளையாடினார்கள். தொடரை ஒருபோதும் பார்க்காத பிள்ளைகள் "நான்தான் தோபர், நீ கதவு" என்று விளையாடினார்கள். கதவாக நிற்க ஒருவருக்கும் விருப்பமில்லை, அதற்குச் சண்டை பிடித்தார்கள். பிறகு அவர்களும் போனார்கள், கதையும் அவர்களோடு போனது.

சண்டை முடிந்துவிட்டது என்று வானொலி சொன்ன நாளில் நானும் நீயும் காத்தான்குடியில் நின்றோம். உனக்குப் பள்ளிச் சப்பாத்து வாங்கப் போயிருந்தோம். றோட்டில் வெடி கொளுத்தினார்கள். சந்தியில் பாற்சோறு கொடுத்தார்கள். நான் உன் கையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக இருந்த ஒரு இன்டர்நெட் கடைக்குள் ஏறினேன், வெளியே நிற்க மனமில்லாமல். கடைக்கார முஸ்லிம் அண்ணன், நாங்கள் கூப்பிடுகிற முறைக்கு நானா, ஷட்டரைப் பாதிக்கு இறக்கிவிட்டு, "இரிங்க தங்கச்சி, சத்தம் ஓயட்டும். சும்மா இரிக்காம எதையாச்சும் தேடிப் பாருங்க" என்றார். என் வாழ்க்கையில் முதல்தடவையாகக் கீபோர்டில் கை வைத்தேன். தொடர் தொடங்கும்போது போடுகிற ஆங்கிலப் பெயரை எழுத்து எழுத்தாகத் தேடி அடித்தேன். நானா வாசித்து விளக்கினார். தோபர் அடுத்த எபிசோடிலேயே இறந்துவிட்டானாம். தொடரும் அதோடு நிறுத்தப்பட்டதாம், பார்க்க ஆள் இல்லையென்று. "முடிஞ்சிட்டு தங்கச்சி," என்றார். வெளியேயும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள், முடிந்துவிட்டது என்று. அந்தக் காலத்தில் யார் முடிந்தார்கள், எது முடிந்தது என்று எங்களுக்குச் சொல்ல எத்தனையோ பேர் இருந்தார்கள். எங்களிடம் கேட்கத்தான் ஆள் இல்லை. நான் நானாவிடம், "இல்ல நானா, அவன் வந்தவன்" என்றேன். அவர் கதிரையை என் பக்கத்தில் இழுத்துப் போட்டார். "அப்ப அதையும் எழுதுங்களன், எழுதினாத்தானே இதுக்குள்ள இரிக்கும்" என்று தமிழில் எப்படி அடிப்பது என்று காட்டித் தந்தார். இந்தப் பக்கம் அன்றைக்குத்தான் என் மனதில் தொடங்கியது. மற்றதெல்லாம் நானே பிழை விட்டு, பிழை விட்டுப் படித்தது. வீடியோ வெட்டுவதை உனக்குப் பள்ளிக்கூட வேலைக்குக் காட்டித் தந்ததும் நான்தான், மறந்துவிடாதே.

இப்போது வருகிறேன் நீ வெட்கப்படுகிற இடத்துக்கு. "ஆழத்து வீடு" திரும்பி வருகிறது என்ற செய்தியைப் பார்த்தபோது நான் குழம்பு கிளறிக்கொண்டிருந்தேன். நான் போட்ட கூச்சலில் அப்பா பாம்பு என்று நினைத்துத் தடியோடு ஓடிவந்தார். அதே கப்டன் லியாரா! தலை நரைத்து! அதே நிலையம், பாசி பிடித்து! குழம்பு அடிப்பிடித்தது, பிடிக்கட்டும். முதல் இரண்டு எபிசோடையும் நான் அழுதுகொண்டே பார்த்தேன், நீயே சாட்சி. மூன்றாவதில் கப்டன் ஒரு சுவருக்கு முன்னால் போய் நின்றாள். சுவரில் தோபரின் பெயர். அதற்குக் கீழே பூ.

பூவாம்.

அன்றைக்கு ஆத்திரத்தில், தலைகூட வாரவில்லை, போனைத் தண்ணீர்க் குடத்தில் சாத்தி வைத்து அந்த வீடியோவை எடுத்தேன். "இவங்களுக்கு மறந்து போச்சு. தோபர் வந்தவன். முகத்துவாரத்தால வந்தவன்" என்று வாளிவாளியாகச் சொன்ன கதை முழுவதையும் சொன்னேன். அது எங்கெல்லாமோ ஓடியது. எங்கெங்கோ இருக்கிற ரசிகர்கள் அப்படி எபிசோடே இல்லை என்று சிரித்தார்கள். பிறகு எங்கள் ஆட்கள் வந்தார்கள் பார், ரொறொன்ரோவிலிருந்து, லண்டனிலிருந்து, ஏறாவூரிலிருந்து. "என்ன இல்ல? நான் சின்ன வயசில பாத்தனான்." "இறால் கறி சாப்பிட்ட சீன் எனக்கு இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது." கேட்டதை அவர்கள் பார்த்ததாகவே நினைக்கிறார்கள் மகன். ஒரு கரை முழுவதும் வராத ஒரு எபிசோடைப் பார்த்திருக்கிறது. அதைத்தான் உலகம் சிரிக்கிறது என்கிறாய். நீயும் சொன்னாய், "பழைய எபிசோட் இப்ப நெட்டில கிடக்கு. போட்டுப் பாருங்க அம்மா, உண்மை தெரியும்" என்று.

போட்டுப் பார்த்தேன். உன்னுடைய நல்ல இயர்போனை எடுத்து மாட்டிக்கொண்டு, கதவு பூட்டுகிற இடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். பாட்டு இருக்கிறது. தண்ணீர் இருக்கிறது. தட்டுகிற சத்தம் இல்லை. ரூபனுக்குக் கேட்டது அன்டனாவின் சத்தம். கம்பி தளர்ந்து குழாயில் அடித்திருக்கிறது, அவன் கைக்குப் பக்கத்தில், அவன் காதுக்குப் பக்கத்தில். எனக்கு அது இப்போது நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டுதான் சொல்கிறேன், அழிக்க மாட்டேன். அந்தக் கதை நான் கட்டியது என்று நினைத்துத்தானே அழிக்கச் சொன்னாய்? அது என் கதை இல்லை. உன் மாமாவின் கதை. அவன் என்னிடம் சொல்லிவிட்டுப் போன கடைசிக் கதை. உன் கலியாணத்தில் தாய்மாமன் நிற்கவேண்டிய இடத்தில் யாரை நிறுத்துவது என்று பெரியவர்கள் தலையைச் சொறிகிறார்களே, அந்த இடத்துக்குரியவன். அவனுடையது என்று எடுத்துக் காட்ட என்னிடம் ஒரு சேட்டுக்கூட இல்லை. இது ஒன்றுதான் மிச்சம். அதையா அழிக்கச் சொல்கிறாய்?

அன்றைக்குப் பெண் வீட்டில் நடந்ததை நீ பாதிதான் பார்த்தாய். கலியாணப் பெண் டிலானியின் தாய்மாமன் எல்லாருக்கும் முன்னால் என்னைப் பார்த்து, "சம்பந்தி, நீங்கதானாமே கடலுக்குள்ள செத்தவன ஆத்துக்குள்ளால எழுப்பி விட்ட ஆள்? எங்கட கிணத்துக்குள்ளயும் ஒரு வாளி விழுந்து கிடக்கு, அதையும் கொஞ்சம் எடுத்துத் தாங்களன்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், பகிடி நல்ல பகிடி. நீ முகம் சிவந்து போனைக் காதில் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாய். அழைப்பே வராத போனை.

நீ போன பிறகு நான் கைகழுவப் பின்பக்கம் போனேன். டிலானி செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். ஊற்றிக்கொண்டே, மெதுவாக, "மாமி, ஒண்டு கேட்டாக் கோவிக்க மாட்டீங்கதானே?" என்றாள்.

"கேளு புள்ள."

"தோபர் முகத்துவாரத்தால வந்த எண்டு வீடியோவில ஏன் சொன்னீங்க? அவன் எங்கட படுவான்கரை வயல் வட்டைக்குள்ளால, வாய்க்காலால தானே வந்தவன்."

என் கையில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. "ஆருகா ஒனக்குச் சொன்ன?"

"முகாம்ல ஒரு புள்ள. பேர் தெரியா. நாங்க வயல அப்பிடியே போட்டுட்டு ஓடி வந்த நேரம். பயிர் காயப்போகுதெண்டு அப்பா அழுவார். அந்தப் புள்ளதான் சொன்ன, தோபர் வாய்க்காலால ஏறி வந்து எங்கட மடையத் திறந்து விட்டவன், பயப்படாதீங்க எண்டு."

"திரும்பிப் போகக்குள்ள பயிர் கிடந்ததா?"

"இல்ல மாமி. எல்லாத்தையும் எருமை திண்டுட்டு." செம்பைக் கவிழ்த்து மிச்சத் தண்ணீரையும் ஊற்றினாள். "ஆனா மடை திறந்துதான் கிடந்த."

அவள் சிரிக்கவில்லை மகன். நீ கட்டப்போகிற பெண் எங்கள் ஆள். உனக்கு முன்னாலேயே அவளை எனக்குத் தெரியும், அவளுக்கு என்னைத் தெரியும். நடுவில் நீ ஒருவன்தான் வாசலில் நின்று போனில் ஒருவரோடும் பேசாமல் பேசிக்கொண்டிருந்தாய்.

எங்கள் பக்கத்து வழக்கம், மாப்பிள்ளைதான் வீடு மாறிப் போகவேண்டும். பெண்ணுக்குத்தான் வீடு, அவள் தாய் வீட்டுக்குப் பக்கத்தில். நீ உன் உடுப்பையும் அந்த இயர்போனையும் எடுத்துக்கொண்டு பாலத்தால் அந்தப் பக்கம் போவாய். அதற்கு நான் அழமாட்டேன், உன் அப்பாவும் இப்படித்தான் எங்கள் வீட்டுக்கு வந்தவர். அங்கே உன்னைப் பகிடி பண்ணுவார்கள். அந்தத் தாய்மாமன் வாளிக் கதையை ஒவ்வொரு பெருநாளுக்கும் எடுப்பார். நீயும் சேர்ந்து சிரி. நல்ல பகிடிக்குச் சிரிக்காதவனை ஒரு வீட்டிலும் பிடிக்காது. ஆனால் சிரிக்கிறார்கள் என்பதற்காக உன்னுடைய ஒன்றையும் நீ அழித்துவிடாதே. இன்றைக்கு அம்மாவின் வீடியோ, நாளைக்கு நீ பேசுகிற விதம், மறுகா நீ எந்தப் பக்கத்து ஆள் என்பதே. ஒன்றொன்றாக மூடிக்கொண்டு போனால் கடைசியில் நீ வெளியே நிற்பாய், விளக்கில்லாமல்.

திரும்பி வந்த தொடரின் கடைசி எபிசோட் உங்கள் கலியாணத்துக்கு அடுத்த சனிக்கிழமை. அதில் தோபரின் எலும்பைக் காட்டினாலும் காட்டட்டும். எனக்குக் கவலை இல்லை, நான் என் பக்கத்தில் என்ன எழுதவேண்டும் என்று எனக்குத் தெரியும். உங்கள் வீட்டுக் கூரையில் அன்டனா தேவையில்லை, எல்லாம் போனுக்குள் வருகிறது என்பாய். தெரியும். ஆனாலும் அன்றைக்கு நான் வருகிறேன். மாப்பிள்ளையின் தாய் கலியாணம் முடிந்த கையோடு டிவி பார்க்கச் சம்பந்தி வீட்டுக்குப் போவதா என்று ஊர் கேட்கும், கேட்கட்டும். அப்பாவும் வருவார், வரமாட்டேன் என்று சொல்லிக்கொண்டே வருவார். இறால் கறி நான் கொண்டு வருகிறேன். டிலானியிடம் சொல்லிவிட்டேன், நிறையச் சோறு போடச் சொல்லி.

வந்து தட்டுவேன் மகன். உனக்குக் கேட்கும். கதவைத் திற.

அம்மா